பச்சை எங்கே போனது?

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவர்களான உங்களை வரவேற்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டால் சால்வை போர்த்துவார்கள், சாம்பார் வடை கொடுப்பார்கள், நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்வார்கள். நானும் சொன்னேன். பொறுமை வேண்டும், உழைப்பு வேண்டும், வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று ரேஷன் கடையில் அளப்பதுபோல் அளந்து கொடுத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். நீங்களும் மரியாதைக்குக் கை தட்டினீர்கள். அப்புறம் படியிறங்கி வரும்போது இரண்டாம் மாடி நடைவழியில் அந்தப் படத்தைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தும் அது கண்ணை விட்டுப் போகவில்லை.

அதனால் மேடையில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறிய பிறகு எழுதினால் மறுபடியும் பொறுமை, உழைப்பு என்றுதான் வரும்.

எந்தப் படம் என்று உங்களுக்குத் தெரியும். கறுப்புப் பின்னணியில் நீலமாக மின்னும் செல்கள். உங்களில் இரண்டு பேர் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்ததை நானே பார்த்தேன். கீழே பொன்னிற எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘செல்லுக்குள் புகும் கிருமியின் புரதம்’. அந்தப் படத்தில் எந்தக் கிருமியின் புரதமும் எந்தச் செல்லுக்குள்ளும் புகவில்லை. அதில் மின்னுவது துணி துவைக்கும் பவுடர்.

வேறு துறையிலிருந்து வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டைஃபாய்டு குடும்பத்துக் கிருமிகள் நம் குடலில் உள்ள செல்லின் மேல் ஒட்டிக்கொண்டு, ஊசி மாதிரியான ஒரு குழாய் வழியாகத் தங்கள் புரதங்களை அதற்குள் செலுத்தும். உள்ளே போன புரதம் செல்லைக் கிருமியின் பேச்சைக் கேட்க வைத்துவிடும். எந்தப் புரதம் உள்ளே போகிறது, எது போகவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிரிவின் பிழைப்பு. நேராகப் பார்க்க முடியாது என்பதால் சந்தேகப்படும் புரதத்தின் வாலில் ஒரு கத்தரியைக் கட்டிவிடுவோம். கத்தரி என்றால் சாயத்தை வெட்டக்கூடிய ஒரு நொதி. குடல் செல்லுக்குள் முன்கூட்டியே ஒரு சாயத்தை ஏற்றி வைப்போம். ஊதா ஒளி பட்டால் அந்தச் சாயம் பச்சையாக மின்னும். கிருமி தன் புரதத்தை உள்ளே தள்ளினால் கத்தரியும் கூடவே போய்ச் சாயத்தை வெட்டும். வெட்டுப்பட்ட சாயம் நீலமாக மின்னும். பச்சைச் செல் நீலமானால் புரதம் உள்ளே போய்விட்டது என்று பொருள்.

இதில் ஏமாறாமல் இருக்க இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, நீலம் கூடும்போது பச்சை குறைகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே சாயம்தான் நிறம் மாறுகிறது, எங்கிருந்தோ புதிதாக ஒன்று வந்து சேர்வதில்லை. இன்னொன்று, ஊசி ஒடிந்த கிருமி ரகம் ஒன்றை எப்போதும் கூடவே வைத்துச் செய்ய வேண்டும். அந்த ரகத்தால் எதையும் உள்ளே செலுத்த முடியாது என்பதால் அந்தச் செல்கள் பச்சையாகவே இருந்தாக வேண்டும். அதுவும் அதே நாளில், அதே சாயத்தில், அதே கண்ணாடியில்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்த அம்மையாரிடம் அழகான படம் எதையாவது கொண்டுபோய்க் காட்டினால் பாராட்டவே மாட்டார். இது பொய்யாக இருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டு டிபன் டப்பாவைத் திறந்துகொள்வார். அவரை நான் மனதுக்குள் திட்டாத நாளே கிடையாது. அவர் இடத்துக்கு நான் வந்தபிறகு என்னையும் அப்படித்தான் திட்டியிருப்பார்கள். திட்டட்டும்.

அந்தப் படத்தை எடுத்தவள் நித்யா. அப்போது எங்கள் பிரிவில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஆதம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவாள், ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். அவளுக்கு வழிகாட்டி எங்கள் பிரிவின் தலைவர். வயதில் என்னைவிடச் சிறியவர், பதவியில் பெரியவர். பெயர் வேண்டாம், தலைவர் என்றே சொல்கிறேன். நான் நுண்ணோக்கி அறைக்குப் பொறுப்பு. அடுத்த சில ஆண்டுகளுக்குப் பிரிவு பிழைக்குமா என்று முடிவுசெய்ய ஒரு குழு வரவிருந்தது. அதற்குள் ஏதாவது காட்டியாக வேண்டும் என்று தலைவர் தவித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் யாரும் இதுவரை கவனிக்காத ஒரு புரதம் செல்லுக்குள் போகிறது என்று நித்யாவின் படம் காட்டியது. தலைவர் பிரிவு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். படத்தைப் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு, குழு வந்து உட்காரும் அறையில் மாட்டிவிட்டார்.

எனக்கும் ஒரு மைசூர்பாகு கிடைத்தது. அதைத் தின்றுகொண்டே படத்தைப் பார்த்தேன். நீலம் இருந்தது, பச்சை துளிகூட இல்லை. எவ்வளவு நன்றாக வெட்டினாலும் அங்கங்கே வெட்டுப்படாத சாயம் கொஞ்சம் மிஞ்சும். சில செல்களைக் கிருமி தொட்டிருக்கவே செய்யாது, அவையாவது பச்சையாக இருக்க வேண்டும். தலைவரிடம் கேட்டேன். குழுவில் இருப்பவர்களுக்குக் குழப்பம் வேண்டாம் என்று பச்சையைக் கொஞ்சம் அடக்கி வைத்ததாகச் சொன்னார், வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்ததைச் சொல்வதுபோல. ஊசி ஒடிந்த ரகத்தை அன்றைக்கே வைத்தீர்களா என்றேன். அது போன மாதமே செய்தாகிவிட்டது, பச்சையாகத்தான் இருந்தது, விலை உயர்ந்த சாயத்தை அதன்மேல் இன்னொரு தடவை கொட்ட வேண்டுமா என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. போன மாதம் செய்ததை இந்த மாதப் படத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை. இரண்டையும் ஒரே நாளில் செய்தே தீர வேண்டும் என்று நித்யாவிடம் சொன்னேன். செய்தாள். அடுத்த நாள் மதியம் என் அறைக்கு வந்து நின்றாள். ஊசி ஒடிந்த ரகத்திலும் நீலம். எதையும் செலுத்த முடியாத கிருமி எதையோ செலுத்தியதாகக் காட்டியது. தலைவரிடம் சொல்லியிருக்கிறாள். சாயம் கெட்டுப்போயிருக்கும், குழு வந்து போகும்வரை இதை யாரிடமும் காட்ட வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். கெட்டுப்போன சாயம் எப்படி அவருக்குப் பிடித்த படத்தில் மட்டும் நன்றாக வேலை செய்தது என்று அவளும் கேட்கவில்லை. அவளால் கேட்க முடியாது. பட்டத்துக்கு அவர் கையெழுத்து வேண்டும்.

நீலம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் பிடிபடவில்லை. அந்த ஞாயிறு மாலை வடபழனியில் ஒரு கல்யாண வரவேற்பு. எங்கள் பங்குக் கோவில் பாடகர் குழுவில் என்னோடு பாடுபவரின் மகளுக்குக் கல்யாணம். மேடையில் மெல்லிசைக் கச்சேரி ஆரம்பித்ததும் மண்டபத்தின் விளக்குகளை அணைத்து ஊதா விளக்குகளைப் போட்டார்கள். பட்டுப் புடவைகள் எல்லாம் இருட்டில் மறைந்துபோயின. மாப்பிள்ளையின் சித்தப்பா மட்டும் வேட்டியும் சட்டையுமாக நீலமாக ஜொலித்துக்கொண்டு பந்திக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். துவைத்த வெள்ளைத்துணி பளிச்சென்று தெரிவதற்காகச் சோப்புத் தூளில் ஒரு பொருளைக் கலக்கிறார்கள். ஊதா ஒளி பட்டால் அது நீலமாக மின்னும். நான் ஐஸ்கிரீம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

நாங்கள் செல்களை வளர்ப்பது கவர்ஸ்லிப் என்கிற மெல்லிய கண்ணாடித் துண்டின் மேல். புதிய கண்ணாடி வாங்கும் கோப்பு எந்த மேசையிலோ தூங்கிக்கொண்டிருந்ததால் பழையதைக் கழுவி, கொதிக்க வைத்துத் திரும்பப் பயன்படுத்தினோம். நம் ஊர் ஆய்வுக்கூடங்களில் இது வழக்கம்தான், சரியாகக் கழுவினால் அதில் கேவலம் ஒன்றுமில்லை. போன மாதம் ஊசி ஒடிந்த ரகத்தைச் செய்தபோது புதிய கண்ணாடி இருந்தது. நித்யா அந்த அழகான படத்தை எடுத்தபோது இருந்தது கழுவிய கண்ணாடி.

கழுவுகிறவர் வசந்தா. முன்பு அடையாறு ஆற்றோரத்தில் குடியிருந்து நடந்தே வேலைக்கு வந்தவர். குடிசைகளை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பிய பிறகு பஸ் மாறி வந்துகொண்டிருந்தார். ஒப்பந்தக்காரர் மூலம் வந்த வேலை. அதனால் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்பது பிரிவில் எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமை காலை அவரிடம் போய் எதில் கழுவுகிறீர்கள் என்று கேட்டேன்.

“பழைய சோப்பு தீந்துபோச்சும்மா. நித்யா பாப்பா இத்த வாங்கியாந்து குடுத்துது,” என்று தொட்டியடியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். எல்லா மளிகைக் கடை வாசலிலும் சரமாகத் தொங்கும் துணி பவுடர்.

கழுவிய கண்ணாடியில் வளர்ந்த செல்களை நித்யாவிடம் வாங்கிக்கொண்டேன். என் மேசையில் மிச்சமிருந்த புதிய கண்ணாடியிலும் செல்களை வளர்த்தேன். இரண்டிலும் கிருமியும் இல்லை, சாயமும் இல்லை. நுண்ணோக்கியில் வைத்தால் புதிய கண்ணாடி இருட்டாக இருந்தது. கழுவிய கண்ணாடியில் ஒவ்வொரு செல்லும் நீலமாக மின்னியது. எத்தனை தடவை அலசியும் கண்ணாடியில் தங்கிவிட்ட பொருளைச் செல்கள் இழுத்துக்கொண்டிருக்கின்றன.

தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முட்டாள் இல்லை. பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார். அந்த இடத்தில் அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நான் காபி வாங்கிக் கொடுத்திருப்பேன். தவறு செய்யாத ஆய்வுக்கூடம் எங்கே இருக்கிறது? ஆனால் அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி இது.

“யார் கழுவினது?”

எனக்கு இன்றைக்கும் ஆறாதது அந்தக் கேள்விதான். என்ன தவறு, எப்படி நடந்தது, இனி என்ன செய்யலாம் என்று எத்தனையோ கேட்டிருக்கலாம். அவர் தேடியது பழியைப் போட ஓர் ஆள். நான் பதில் சொல்வதற்குள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மாலைக்குள் ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் வந்து நாளையிலிருந்து வர வேண்டாம் என்று வசந்தாவிடம் சொல்லிவிட்டுப் போனார். வசந்தா கையைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை பிரிவு முழுவதையும் கூட்டினார்கள். குழு வருவதற்கு முன்பு எல்லோரும் ஒரே மாதிரி பேச வேண்டும் என்பதற்காக. தலைவர் பேசினார். கழுவும் ஊழியரின் கவனக்குறைவால் சில கண்ணாடிகளில் மாசு சேர்ந்துவிட்டது, படிக்காதவர்களை வைத்து வேலை வாங்கினால் இப்படித்தான், அந்த ஊழியரை நிறுத்தியாகிவிட்டது, படத்தை ஆரம்ப நிலை முடிவு என்று சொல்லிக் குழுவிடம் காட்டுவோம் என்றார். அதாவது ஆளைத் துரத்திவிட்டுப் பொய்யை வைத்துக்கொள்வதாகத் திட்டம். நான் எழுந்தேன். என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது.

திருத்தாத மூலப் படத்தைத் திரையில் போடச் சொன்னேன். இப்போது வேண்டாம் என்றார். போடாவிட்டால் குழுவின் முன்னால் நானே போடுவேன் என்றேன். போட்டார்கள். செல்கள் நீலமாக இருந்தன, அதே செல்கள் பச்சையாகவும் இருந்தன. நித்யா ஒரே நாளில் செய்த இரண்டு ரகங்களிலும் பச்சை இதே அளவில்தான் இருந்தது. எந்தச் சாயமும் வெட்டுப்படவில்லை. பச்சையின் மேல் நீலம் வந்து உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். வந்ததைப் பார்த்து எல்லோரும் இனிப்புத் தின்றோமே, போக வேண்டியது போனதா என்று ஒருவராவது பார்த்தோமா என்று கேட்டேன்.

அடுத்து, அந்தத் தூளை வாங்கச் சொன்னது யார் என்று கேட்டேன். எனக்கு விடை தெரியும். ஆனால் நானே சொன்னால் நித்யாவின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். அவள் பட்டம் அதோடு போனாலும் போகும். ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருத்தியைப் பலி கொடுக்க எனக்கு உரிமை இல்லை. அதனால் அவள் பக்கம் திரும்பாமல் தலைவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வாயிலிருந்து வரவேண்டும் என்று நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. நித்யா எழுந்து நின்றாள்.

“வசந்தாக்கா மேல தப்பு இல்ல சார். எல்லாம் சோப்புதானே, ஏதாவது ஒரு பவுடர் வாங்கிட்டு வான்னு நீங்க சொன்னீங்க. நான்தான் வாங்கிக் குடுத்தேன். ஊசி ஒடிஞ்சதுலயும் நீலம் வந்துது, அதையும் உங்ககிட்ட சொன்னேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். கூடப் படிப்பவர்கள், கூடச் சாப்பிடுபவர்கள். அதையும் நான் மறக்கவில்லை.

படம் குழுவின் கண்ணில் படவில்லை. அறையிலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். குழு வந்தது, இன்னும் முடிவு கிடைக்கவில்லை என்பதைக் கேட்டுக்கொண்டது, காபி குடித்தது, போனது. குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. வசந்தா திரும்ப வரும்வரை நுண்ணோக்கி அறையைத் திறக்க மாட்டேன் என்று சாவியை என் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். முதல் நாள் மிரட்டினார்கள், அடுத்த நாள் கெஞ்சினார்கள், அதற்கப்புறம் ஒப்பந்தக்காரரே வசந்தாவுக்குப் போன் செய்து கூப்பிட்டார். வந்தவரிடம் தவறு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லும்படி தலைவரிடம் கேட்டேன். வேலையைத்தான் திருப்பிக் கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன என்றார். அந்த ஒரு வார்த்தை கடைசிவரை வரவில்லை.

நித்யா வேறு வழிகாட்டிக்கு மாறினாள். புதிய கண்ணாடியில், ஊசி ஒடிந்த ரகத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். அந்தப் புரதம் செல்லுக்குள் போகவில்லை. போகவில்லை என்று நிரூபிப்பதும் வேலைதான். பட்டம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. அவள் எடுத்த பச்சைப் படத்தை யாரும் சட்டம் போட்டு மாட்டவில்லை.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். நடைவழியில் அந்தப் படத்தின் முன்னால் நான் கொதித்துக்கொண்டு நிற்கும்போது வசந்தா கையில் துணியோடு வந்தார். தலைமுடி நரைத்திருந்தது. இன்னாம்மா இப்படி இளைச்சிட்டீங்க என்று விசாரித்துக்கொண்டே படத்தின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அதைத் துடைப்பது இப்போது அவர் வேலைகளில் ஒன்று. இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டேன். சுவருக்குப் பெயிண்ட் அடித்தபோது கிடங்கைச் சுத்தம் செய்தார்களாம், பார்க்க அழகாக இருக்கிறது என்று மாட்டிவிட்டார்களாம். மாட்டியவர்கள் புதியவர்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இது என்ன படம் என்று உங்களுக்குத் தெரியுமா என்றேன்.

“தெரியாம இன்னாம்மா. அன்னிக்கு என்னை ஊட்டுக்கு அனுப்பிச்ச படந்தானே,” என்றார். கை துடைத்துக்கொண்டே இருந்தது.

நான் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் சட்டத்தைப் பிடித்தேன். ஆணியிலிருந்து பாதி தூக்கியும்விட்டேன். வசந்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“கயட்டாதீங்கம்மா. நீங்க பாட்டுக்கு போய்டுவீங்க. நாளைக்கு இது காணோம்னா என்னைத்தான் கேப்பாங்க.”

படத்தைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். கோணலாக இருந்ததை அவர் நேராக்கினார்.

இப்போது இருக்கும் இயக்குநரிடம் போனில் பேசினேன். கவனிக்கிறேன் மேடம் என்றார். இந்த வார்த்தையை நான் பணியிலிருந்த காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். நானே கழற்றி, என் பெயரை எழுதி ஒட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வெளியாள் ஒட்டிய காகிதம் மாலைக்குள் குப்பைக்குப் போய்விடும். குப்பையைக் கூட்டுகிறவரும் வசந்தாதான்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். அதை நீங்கள் கழற்றுங்கள். ஆள் நடமாட்டம் உள்ள பகல் வேளையில், நாலு பேர் பார்க்கக் கழற்றுங்கள். கழற்றிய இடத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, ஏன் கழற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அதன் கீழே உங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள். வெறும் ஆணியைப் பார்த்து யாரும் வசந்தாவைக் கூப்பிடுவதற்கு முன்னால் அங்கே உங்கள் பெயர் இருக்க வேண்டும்.